வந்தது, போனது, நின்றது



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அதனைச் சிக்கனத்துக்குரிய அறிவுரையாகவே நாம் பெரும்பாலும் கொள்கின்றோம். ஆயினும் அதனுள்ளே வேறொரு பொருளும் உண்டு. அளந்து போட்டவனுக்கே போட்டது எவ்வளவு என்பது தெரியும். அது தெரிந்தவனே குறைந்தது எவ்வளவு என்று கேட்கவும் வல்லவன். பெருந்தொழிற்சாலைகளில் இன்று கணினியின் துணைகொண்டு செய்யப்படும் "திணிவுச் சமநிலை" என்னும் கணக்கு இப்பழமொழியின் விரிவேயாகும். அக்கணக்கை எவ்வாறு அமைக்கின்றனர், அதில் இடறும் இடங்கள் எவை, அது பொருந்தாதபோது நாம் என்ன செய்தல் வேண்டும் என்பன பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன். இது பொறியியலாளர்க்கு மாத்திரம் உரிய விடயம் அன்று. வீட்டிலே அரிசிக் கணக்கு வைத்திருப்போரும், பாடசாலைக் களஞ்சியத்தின் பதிவேட்டை ஆண்டுதோறும் சரிபார்ப்போரும் இதன் அடிப்படையை முன்னரே அறிவர்.

அவ்வடிப்படையை ஒரே வாக்கியத்திற் கூறிவிடலாம். ஓரிடத்துக்குள் வந்த பொருள், ஒன்றில் அவ்விடத்தை விட்டுப் போயிருத்தல் வேண்டும். அன்றேல் அங்கேயே நின்றிருத்தல் வேண்டும். மூன்றாவது வழி இல்லை. வந்ததிலிருந்து போனதைக் கழித்தால் நின்றது. தொழிற்சாலை ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்குமாயின் உள்ளே நிற்பது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அப்போது வந்தது போனதற்குச் சமம். இதனை உறுதிநிலை என்பர்.

இவ்வளவு எளிதான உண்மையை நிலைநாட்டுவதற்கு மனித குலத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. விறகை எரித்தால் ஒரு பிடி சாம்பலே மிஞ்சுகின்றது. ஈயத்தையோ வெள்ளீயத்தையோ காற்றிலே சுட்டால், எஞ்சும் தூள் முன்னிருந்த உலோகத்திலும் பாரமாயிருக்கின்றது. ஒன்றிற் பொருள் அழிந்தது போலவும், மற்றொன்றிற் பொருள் தோன்றியது போலவும் காட்சி. இம்மயக்கத்தைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் அந்துவான் இலவோசியர். 1743ஆம் ஆண்டிற் பிறந்த அவர், வெள்ளீயத்தை மூடிய கலத்தினுள் வைத்துச் சூடாக்கினார். கலம் முழுவதையும் முன்னும் பின்னும் நிறுத்தார். நிறை மாறவில்லை. கலத்தைத் திறந்தபோது காற்று விரைந்து உட்புகுந்தது. அதன் பின்னரே நிறை கூடியது. உலோகம் பெற்ற நிறை, கலத்தினுள் இருந்த காற்று இழந்த நிறையே என்பது அதனாற் புலனாயிற்று.

அவர் 1789ஆம் ஆண்டில் வெளியிட்ட இரசாயன நூலிலே, சர்க்கரை நொதித்து மதுவாகும் தொழிலை ஆராயும் இடத்தில், இவ்விதியைத் தெளிவாக எடுத்துரைத்தார். 400 இறாத்தல் நீர், 100 இறாத்தல் சர்க்கரை, 10 இறாத்தல் நொதியம், ஆக 510 இறாத்தல் ஒருபுறம். நொதித்தபின் வெளிப்பட்ட வாயுவும் எஞ்சிய திரவமும் அடங்கிய பகுதிகள் யாவும் மறுபுறம். இரண்டையும் ஓர் அட்சரகணிதச் சமன்பாட்டின் இரு பக்கங்களாகவே அவர் கருதினார். இவ்விலவோசியர் அரசிறை வசூலிக்கும் குழுவிலே பங்காளராகவும் இருந்தவர். வரவு செலவுக் கணக்கு அவருக்குப் பழக்கமானது. கணக்கேட்டின் ஒழுங்கை அவர் இரசாயனத்துக்குள் கொணர்ந்தார் எனலாம். அவ்வரசிறைத் தொடர்பே 1794ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி அவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டு சென்றது என்பது வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

இனி, ஒரு கணக்கை அமைக்கும் முறையைப் பார்ப்போம். முதலாவது வேலை எல்லை வகுத்தல். எந்த இடத்துக்குக் கணக்கெழுதுகின்றோம் என்பதை முதலிலே தீர்மானித்தல் வேண்டும். ஒரு பாத்திரத்துக்கா, ஒரு பிரிவுக்கா, முழு ஆலைக்கா? காணியின் எல்லை தெளிவில்லாவிடின் வழக்கு முடிவதில்லை, கணக்கும் அவ்வாறே. எல்லையை வரைந்தபின், அதனைக் கடந்து உள்ளே வரும் ஓட்டங்கள் எவை, வெளியே செல்லும் ஓட்டங்கள் எவை என்று ஒவ்வொன்றுக்கும் பெயரிடல் வேண்டும். புகைபோக்கியாற் செல்லும் புகையும், கழுவி வடியும் நீரும், மூடியின் இடுக்கால் எழும் ஆவியும் ஓட்டங்களே. கண்ணுக்குத் தெரியாததை எழுதாமல் விடுவதே தொடக்கத்திற் செய்யப்படும் பெருந்தவறு.

அடுத்தது அளவின் அடிப்படை. 1 மணித்தியாலத்துக்கா, 1 நாளுக்கா, 1,000 கிலோகிராம் மூலப்பொருளுக்கா என்பதை ஒரு முறை வகுத்துவிட்டால் இறுதிவரை அதனை மாற்றுதல் ஆகாது.

ஆனையிறவிலும் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உப்பளங்களைக் கண்ட நேயர்களுக்குக் கடல்நீர் நல்ல உதாரணம். கடல்நீரில் ஏறக்குறைய 3.5 வீதம் உப்பு உண்டு. 1,000 கிலோகிராம் கடல்நீரை ஆவியாக்கி, 25 வீதம் உப்புள்ள செறிந்த உவர்நீராக்க வேண்டும் என்று கொள்வோம். ஆவியிலே உப்புச் செல்வதில்லை. ஆதலின் உள்ளே வந்த 35 கிலோகிராம் உப்பும் உவர்நீரிலேயே நிற்கின்றது. 35 கிலோகிராம் நூற்றுக்கு 25 ஆக வேண்டுமாயின் உவர்நீர் 140 கிலோகிராம். எஞ்சிய 860 கிலோகிராம் ஆவியாகிப் போயிற்று. உப்புக்கு ஒரு சமன்பாடு, நீருக்கு ஒரு சமன்பாடு, அறியாதவை இரண்டு. இரண்டுக்கு இரண்டு, கணக்குத் தீர்ந்தது.

இங்கே நுட்பமான ஒரு செய்தி உண்டு. உவர்நீர் 25 வீதம் ஆகவேண்டும் என்று சொல்லாமல் விட்டிருந்தால், இக்கணக்குக்கு விடை எண்ணில்லாதவை. மாறாக, 25 வீதம் என்றும் சொல்லி, ஆவி 900 கிலோகிராம் என்றும் சொல்லியிருந்தால், விடையே இல்லை. 900 கிலோகிராம் ஆவியானால் எஞ்சுவது 100 கிலோகிராம். அதில் உப்பு 35. அது 25 வீதம் அன்று. அவ்வளவு உப்பு அந்நீரிற் கரைந்திருக்கவும் மாட்டாது. ஏறக்குறைய 26 வீதத்தைத் தாண்டினாற் படிகமாய் வீழ்ந்துவிடும். குறைவாகச் சொன்னால் விடை பல. மிகுதியாகச் சொன்னால் முரண்பாடு. எத்தனை செய்திகளை நாம் கொடுத்தல் வேண்டும், எத்தனையைக் கணக்குத் தானே தருதல் வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதே இத்துறையில் முதற்பாடம். கணினி வந்த பின்னரும் இந்த எண்ணிக்கையை மனிதனே செய்தல் வேண்டும்.

இரசாயன மாற்றம் நிகழும் இடத்திலே மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. யாழ்ப்பாணத்திற் சுண்ணாம்புச் சூளையை நாம் அறிவோம். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோகிராம் சுட்டால் நீறாத சுண்ணாம்பு 56 கிலோகிராமே கிடைக்கும். எஞ்சிய 44 கிலோகிராம் எங்கே? சூளைக்காரன் திருடவில்லை; காபனீரொட்சைட்டு வாயுவாக வானிலே கலந்தது. சுண்ணாம்புக்கல் என்னும் சேர்வை அழிந்தது. ஆயின் அதிலிருந்த கல்சியமும் காபனும் ஒட்சிசனும் அழியவில்லை. ஆகவே இத்தகைய இடங்களிற் சேர்வைகளைப் பின்தொடராமல் மூலகங்களைப் பின்தொடர்தல் வேண்டும். உள்ளே வந்த கல்சியம் எவ்வளவு, வெளியே சென்ற கல்சியம் எவ்வளவு என்று கேட்டாற் கணக்குப் பொய் சொல்லாது.

இவ்வாறான சமன்பாடுகள் இரண்டு மூன்றாயிருந்தாற் கடதாசியும் பென்சிலும் போதும். ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அவை ஆயிரக்கணக்கானவை. இதனாலேயே 1960களில் அமெரிக்கப் பெருங்கம்பனிகள் இதற்கெனக் கணினி நிரல்களை ஆக்கத் தொடங்கின. எரிபொருள் நெருக்கடி உலகை வருத்திய காலத்தில், 1976ஆம் ஆண்டில், மசாச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தில் "அஸ்பென்" என்னும் திட்டம் அமெரிக்க அரசின் உதவியோடு தொடங்கப்பட்டது. நிலக்கரி போன்ற திண்மப் பொருள்களைக் கையாளும் ஆலைகளையும் கணக்கிடவல்ல ஒரு பொது மென்பொருளை ஆக்குவது அதன் நோக்கமாயிருந்தது. 1981ஆம் ஆண்டில் அதன் வழியே ஒரு கம்பனியும் தோன்றிற்று. இத்தகைய மென்பொருள்களே இன்று உலகெங்கும் வழங்குகின்றன.

இவற்றிலே பணிபுரிபவர் திரையின்மேல் ஆலையின் படத்தை வரைகின்றார். கலங்களுக்கும் ஆவியாக்கிகளுக்கும் சிறு பெட்டிகள். அவற்றை இணைக்கும் கோடுகளே ஓட்டங்கள். எந்தப் பொருள்கள் உள்ளன என்று பட்டியல் கொடுக்கின்றார். உள்ளே வரும் ஓட்டங்களின் அளவையும் சேர்க்கையையும் கொடுக்கின்றார். ஒவ்வொரு பெட்டியும் என்ன செய்தல் வேண்டும் என்று பணிக்கின்றார். இவ்வாறு முற்றாக அமைந்த ஒன்றுக்கு "நேர்வு" என்று பெயரிடுவோம். முதலில் அமைப்பது அடிப்படை நேர்வு. அது உண்மை ஆலையின் ஒரு நாளைய நிலைமையோடு பொருந்துகின்றதா என்று பார்த்த பின்னரே, "மூலப்பொருளைப் பத்து வீதம் கூட்டினால் என்ன ஆகும்?", "இந்த ஆவியாக்கியை நிறுத்தினால் என்ன ஆகும்?" என்னும் பிற நேர்வுகளை அமைத்தல் முறை. அவ்வாறு அமைக்கும்போது ஒரு நேர்வுக்கும் மற்றதற்கும் இடையில் ஒன்றை மாத்திரமே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று கூற இயலாது. ஒவ்வொரு நேர்விலும் எதனை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதி வைத்தலும் வேண்டும். எழுதாத நேர்வு ஆறு திங்கள் கழித்து அதனை ஆக்கியவருக்கே புரியாது.

இக்கணக்குகளில் மிகுந்த தொல்லை தருவது மீள்சுற்று. ஒரு கலத்திலிருந்து வெளியேறும் பொருளின் ஒரு பகுதியைத் திரும்பவும் தொடக்கத்துக்கே அனுப்புவர். அப்போது முதலாம் பெட்டியைக் கணக்கிட இறுதிப் பெட்டியின் விடை வேண்டும். இறுதிப் பெட்டியைக் கணக்கிட முதலாம் பெட்டியின் விடை வேண்டும். இதனைக் கணினி எவ்வாறு தீர்க்கின்றது? ஓர் ஊகத்திலிருந்து தொடங்குகின்றது.

மணித்தியாலத்துக்கு 100 கிலோகிராம் உப்பு ஒரு படிகமாக்கிக்கு வருகின்றது என்று கொள்வோம். உட்செல்வதிற் பாதி படிகமாகி வெளியேற, மறுபாதி நீரோடு மீளுகின்றது. மீள்வது ஒன்றுமில்லை என்று முதலில் ஊகித்தால், உட்செல்வது 100, மீள்வது 50. அந்த 50ஐச் சேர்த்தால் உட்செல்வது 150, மீள்வது 75. அடுத்த சுற்றில் மீள்வது 87.5, அதற்கடுத்து 93.75. இவ்வாறு சுற்றச் சுற்ற 100ஐ அணுகுகின்றது. மீள்வது 100 ஆகும்போது உட்செல்வது 200; பாதி 100 படிகமாய் வெளியேறுகின்றது. வந்தது 100, போனது 100. கணக்குப் பொருந்திற்று.

இப்போது அந்நீரிலே படிகமாகாத ஓர் அழுக்கு மணித்தியாலத்துக்கு 1 கிலோகிராம் வருகின்றது எனக் கொள்வோம். அது முழுவதும் நீரோடு மீள்கின்றது, வெளியேற வழியில்லை. முதற்சுற்றில் 1, அடுத்ததில் 2, பின்னர் 3. கணினி நூறு சுற்றுச் சுற்றினாலும் முடிவு காணாது. "தீர்வு கிட்டவில்லை" என்று அறிவித்து நின்றுவிடும். அனுபவம் குறைந்தவர், மென்பொருளிற் கோளாறு என்று கருதிச் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவர். அல்லது பிழைக்கு இடந்தரும் எல்லையை அகலமாக்குவர். உண்மையிற் கணினி பேருண்மையொன்றையே கூறியுள்ளது. அவ்வாறு ஓர் ஆலையைக் கட்டினால், ஒரு நாளில் 24 கிலோகிராம் அழுக்கு உள்ளே சேரும். அது சேர்ந்துகொண்டே இருக்கும். இறுதியில் உப்பே கெட்டுவிடும். இதற்குரிய மருந்து, மீளும் நீரில் ஒரு சிறு பங்கை வெளியேற்றி விடுவதே. நீரில் அழுக்கு 5 வீதம் வரையிற் பொறுக்கலாம் எனின், மணித்தியாலத்துக்கு 20 கிலோகிராம் நீரை வெளியேற்றினால் 1 கிலோகிராம் அழுக்கும் அதனோடு செல்லும். சிறிது உப்பும் உடன்செல்லும். அது கொடுக்கவேண்டிய விலை. வழியடைத்த வாய்க்காலில் நீர் தேங்குவது போல, வெளிவழி இல்லாத சுற்றிலே குற்றம் தேங்கும்.

இதுவரை கூறியவை இல்லாத ஆலையை எண்ணத்தில் அமைக்கும் கணக்குகள். இருக்கும் ஆலையிலே வேறொரு சிக்கல் எழுகின்றது. அங்கே மானிகள் உண்டு, மானிகள் வழுவுடையன. உள்ளே 100 தொன் வந்ததாக ஒரு மானி காட்டுகின்றது. வெளியே இரு வழிகளில் 61 தொன்னும் 36 தொன்னும் சென்றனவாக மற்றை இரண்டும் காட்டுகின்றன. வெளியே போனது 97. ஆகவே 3 தொன் குறைகின்றது. இது கசிவா, மானிகளின் வழுவா?

1961ஆம் ஆண்டிற் கியூன், டேவிட்சன் என்னும் இரு பொறியியலாளர் இதற்கொரு வழியை வெளியிட்டனர். எந்த மானியையும் முற்றாக நம்பாமலும், எதனையும் முற்றாகத் தள்ளாமலும், ஒவ்வொன்றின் நம்பகத்தன்மைக்கு ஏற்பச் சிறிது சிறிதாகத் திருத்தி, கணக்கைப் பொருந்தச் செய்தல் அவ்வழி. மூன்று மானிகளும் ஒரே தரத்தன எனின், வேறுபாட்டைச் சமமாகப் பகிர்ந்து, வரவை 99 என்றும், செலவை 62, 37 என்றும் திருத்துவர். 62ம் 37ம் 99. மூன்றாவது மானி மற்றையவற்றிலும் இருமடங்கு வழுவுடையது எனின், அதன் தலையிலே திருத்தத்தின் பெரும்பகுதி விழும்; வரவு 99.5, செலவு 61.5, 38 ஆகும். இதுவும் பொருந்துகின்றது. இது நீதியான முறை. இன்று பெருந்தொழில்கள் பலவற்றிலே கையாளப்படுகின்றது.

எனினும், நேயர்களே, இங்கேயே ஆபத்தும் இருக்கின்றது. உண்மையில் 3 தொன் கசிந்து நிலத்துள் ஓடியிருந்தால்? நமது அழகான திருத்தம் அக்கசிவை மூன்றாகப் பங்கிட்டு மூன்று மானிகளின்மேல் ஏற்றிவிட்டது. ஏட்டிலே கணக்குப் பொருந்திற்று; நிலத்திலே நஞ்சு ஊறிற்று. ஆதலாற் பங்கிடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டல் வேண்டும்: இவ்வேறுபாடு மானிகளின் இயல்பான வழுவுக்குள் அடங்குமா? ஒவ்வொரு மானியின் நியம வழு 1 தொன் எனின், மூன்றும் சேர்ந்த வழு 3 தொன் அன்று. 3இன் வர்க்கமூலமாகிய 1.73 தொன். அதன் இருமடங்கு ஏறக்குறைய 3.5. எனவே ஒரு நாளைக்கு 3 தொன் குறைந்தாற் பொறுத்துக் கொள்ளலாம்.

ஆனால் நாளையும் 3 குறைந்து, நாளை மறுநாளும் 3 குறைந்து, பத்து நாளும் அவ்வாறே குறைந்தால்? தற்செயலான வழு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்; தம்முள் ஈடுசெய்து கொள்ளும். பத்து நாள்களின் மொத்தத்தில் அதன் நியம அளவு ஏறக்குறைய 5.5 தொன்னே. நாம் காண்பதோ 30 தொன். இதனைத் தற்செயல் என்று எவரும் கூற இயலாது. ஒன்றில் ஒரு மானி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றது; அன்றேற் பொருள் எங்கோ போகின்றது. எதுவாயினும் எழுந்து சென்று பார்த்தல் வேண்டும். குறைவின் அளவிலும் பார்க்க, அது எப்பொழுதும் ஒரே பக்கமாக இருக்கின்றதா என்பதே உற்றுநோக்கற்பாலது. சிறு குறைவு ஒன்று நாள்தோறும் ஒரே திசையில் வருமாயின், அதுவே பெரிய சாட்சி.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு இங்கிலாந்திலே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். அந்நாட்டின் வடமேற்கில், கம்பிரியாப் பகுதியில், செல்லாபீல்ட் என்னும் இடத்திலே "தோர்ப்" என்னும் ஆலை 1994ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அணு உலைகளிற் பயன்பட்ட எரிபொருளை வெட்டி, நைத்திரிக்கமிலத்திற் கரைத்து, அதிலிருந்து யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுப்பது அதன் தொழில். புளுட்டோனியம் அணுகுண்டுக்கும் உதவக்கூடிய பொருள் ஆதலின், அதன் கணக்கு மிகக் கடுமையானது. கரைசலை நிறுப்பதற்கென்றே தனிக் கலங்கள் அங்கு அமைக்கப்பட்டிருந்தன. நிறுப்பது எளிதாகும் பொருட்டு அக்கலங்கள் தொங்கவிடப்பட்டிருந்தன.

அத்தொங்கலே வினையாயிற்று. கரைசலைக் கலக்கும்போது கலம் அசைந்தது. அசைவைத் தடுக்கும் பிடிப்புகள் போதியனவாக இருக்கவில்லை. கலத்தோடு இணைந்த குழாயொன்று ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து களைப்புற்று, 2004ஆம் ஆண்டிலே வெடிக்கத் தொடங்கி, 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முற்றாக முறிந்தது. கரைசல் கீழேயுள்ள அறையின் தளத்தில் வடிந்தது. மனிதர் புகமுடியாத கதிர்வீச்சு அறை அது, எவரும் காணவில்லை. தளத்திற் சேர்ந்த நீரின் மாதிரிகளும் அளவீடுகளும் முன்னரே சில அறிகுறிகளைக் காட்டியிருந்தன. அவை உரிய கவனம் பெறவில்லை.

2005ஆம் ஆண்டின் முற்பகுதியில், வந்த எரிபொருளின் கணக்கும் கலத்தில் நிறுத்த கணக்கும் பொருந்தவில்லை என்று கணக்குப் பிரிவினர் கண்டனர். கணக்கிலே தவறு இருக்கலாம் என்றே முதலில் தேடினர். ஏப்பிரில் மாதத்தில் அறையினுள்ளே படக்கருவியைச் செலுத்திப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஏறக்குறைய 83 கனமீற்றர் கரைசல் தளத்திலே கிடந்தது. அதனுள் ஏறக்குறைய 20 தொன் யுரேனியமும் 160 கிலோகிராம் புளுட்டோனியமும் இருந்தன. துருவுறா உருக்குத் தகடு பதித்த அவ்வறை கரைசலை வெளியே விடாமற் காத்தது. எவருக்கும் ஊறு நேரவில்லை. கரைசலும் பின்னர் மீட்கப்பட்டது. அதனை நடத்திய கம்பனிக்கு 2006ஆம் ஆண்டில் நீதிமன்றம் 5 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. ஆலை 2018ஆம் ஆண்டில் நிரந்தரமாக மூடப்பட்டது.

ஆராயச் சென்ற குழுவினர் கண்ட காரணங்களுள் ஒன்று இயந்திரத்தைச் சார்ந்ததன்று, மனத்தைச் சார்ந்தது. "இது புதிய ஆலை, இங்கே கசிவு நிகழாது" என்னும் எண்ணம் பணிபுரிந்தோரிடம் ஊறியிருந்தது. கசிவு நிகழாது என்று நம்புபவனுக்கு, குறைவு என்பது எப்பொழுதும் கணக்கின் தவறாகவே தோன்றும்.

ஆயினும் இந்நிகழ்ச்சியில் நாம் போற்றுதற்குரிய பகுதியும் உண்டு. அளவுகளும் மாதிரிகளும் காட்டிய குறிப்புகள் மாதக்கணக்கிற் கவனிப்பாரின்றிக் கிடந்தன. கணக்கே இறுதியில் விடாது நின்று வினாவியது. அக்கணக்கும் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை காலம் அது வடிந்திருக்குமோ!

இதற்கு மாறான கதையும் உண்டு. அமெரிக்காவில் தெனிசி மாநிலத்து ஓக் றிட்ச் என்னும் இடத்திலுள்ள அணுவாயுத ஆலையொன்றில், 1950கள் தொட்டுப் பெருந்தொகையான இரசம் பயன்படுத்தப்பட்டது. அதில் ஏறக்குறைய 20 இலட்சம் இறாத்தல் இழக்கப்பட்டது அல்லது கணக்கிலே காணப்படவில்லை என்னும் செய்தி 1983ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. இரசம் அழியும் பொருள் அன்று. காணாத இரசம் எங்கோ இருக்கின்றது. மண்ணிலும் அருகிலோடும் சிற்றாற்றிலும் அதன் ஒரு பகுதி காணப்பட்டது. "கணக்கிற் காணப்படாதது" என்று ஏட்டில் ஒரு வரி எழுதி மூடிவைத்தல் எளிது. அவ்வரியின் கீழே வாழும் மக்களோ ஆற்றையும் மீனையும் நம்பி வாழ்கின்றனர்.

ஆகவே, நேயர்களே, இளைஞர்கள் இத்துறையிற் புகும்போது மூன்று பழக்கங்களைக் கைக்கொள்வாராயின் நன்று. முதலாவது, கணினியைத் தொடுமுன் கடதாசியில் எல்லையை வரைந்து, ஓட்டங்களை எண்ணி, அறிந்ததும் அறியாததும் எத்தனை என்று பார்த்தல். இரண்டாவது, கணினி தரும் விடையை முழு ஆலைக்கும் ஒருமுறை கையாற் கூட்டிப் பார்த்தல். மென்பொருள் திருப்தியடைந்துவிட்டது என்பதனால் உண்மை கிட்டிவிட்டது என்று கொள்ளலாகாது. மூன்றாவது, பொருந்தாத கணக்கைப் பொருத்துவதற்கு முன் அதன் காரணத்தைத் தேடுதல். மானியைச் சோதிக்கலாம், குழாய் வழியே நடந்து பார்க்கலாம், கழிவு நீரின் மாதிரி எடுக்கலாம். இவற்றின் பின்னரும் காரணம் கிடைக்காவிடின், "இவ்வளவு குறைகின்றது, காரணம் தெரியவில்லை" என்று ஏட்டிலே எழுதி ஒப்பமிடுவதே நேர்மை.

மேலதிகாரிகளுக்கும் ஒன்று கூறலாம். குறைவை எழுதிக் காட்டும் ஊழியனைக் கடிந்து கொள்ளும் இடத்திலே அடுத்த ஆண்டு குறைவே இராது. ஏட்டில் மாத்திரம் இராது. கணக்கு எப்பொழுதும் முற்றாகப் பொருந்திவரும் ஆலையைக் கண்டால் மகிழ்வதற்கு முன் சற்று ஐயுறுதல் தகும். உண்மையான அளவுகள் அவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை.

வந்தது, போனது, நின்றது என்னும் இம்மூன்றும் எங்கும் உள்ளவை. குளத்து நீருக்கும் இதுவே கணக்கு. நாம் உண்ணும் உப்புக்கும் இதுவே கணக்கு. நாட்டின் கழிவுகள் கடலைச் சேர்வதற்கும் இதுவே கணக்கு. கணினி இதனை விரைவாகச் செய்கின்றது. குறைந்தது எங்கே என்று கேட்கும் கடமை மாத்திரம் மனிதனிடமே இருக்கின்றது. அதனைக் கேட்க அஞ்சாதவர்களை நம் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் உருவாக்குதல் வேண்டும் என்று கூறி அமைகின்றேன்.